ஏழு எழுத்து தள்ளி

திங்கட்கிழமை காலையில் சிவப்பு மை கூப்பிட்டு அனுப்புகிறார் என்றால் அந்த ஆபீஸில் யாருக்கும் கொஞ்சம் கை கால் உதறும். அங்கே புரோகிராம் எழுதுகிறவள், அக்கா தங்கை இருவரில் மூத்தவள், அவளுக்கு உதறவில்லை. அவள் எழுதிக் கொடுத்தது மொத்தமே பதினெட்டு வரி. அதில் போய் இந்த மனுஷர் என்னத்தைக் கண்டுபிடித்துவிடப் போகிறார் என்று, கையில் இருந்த டீக் கோப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அவர் அறைக்குள் போனாள்.

சிவப்பு மை என்பது மேலாளருக்கு ஆபீஸ் வைத்த பேர். உலகமே திரையில் படிக்கிற காலத்தில், யார் எழுதிய புரோகிராமாக இருந்தாலும் அச்சடித்துக் காகிதத்தில் கொடுத்தால்தான் அவர் தொடுவார். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக இறங்கி வருவார். "திரையில படிச்சா கண்ணு வழுக்கிட்டுப் போயிடும்மா, காகிதத்துலதான் தப்பு மாட்டும்" என்பது அவர் கட்சி. சின்னவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். ஆனால், சும்மா சொல்லக்கூடாது, தப்பு மாட்டத்தான் செய்யும்.

அவர்கள் எழுதுவது ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கான மென்பொருள். கூடத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் பழகிக்கொள்ள ஒரு மாதிரிப் பிரதி வேண்டும், அதில் நோயாளிகளின் பேர் பட்டவர்த்தனமாகத் தெரியக்கூடாது. பெரிய பூட்டெல்லாம் தேவையில்லை, எழுத்தை நாலு இடம் தள்ளிப் போடு போதும் என்று சிவப்பு மை சொல்லியிருந்தார். மூத்தவள் நாலுக்குப் பதில் ஏழு வைத்துக்கொண்டாள். ஆங்கிலத்தில் ஏ இருந்தால் ஏழு எழுத்து தள்ளி எச். பி இருந்தால் ஐ. இஸட் வந்துவிட்டால் மறுபடி முன்னால் சுற்றி வந்து ஜி. அவ்வளவுதான் சங்கதி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் துண்டுச் சீட்டு அனுப்ப வைத்துக்கொள்கிற வித்தை.

"உட்காரு" என்றார் சிவப்பு மை. "மூணு வரி சரியா வந்திருக்கு. நாலாவதைப் பாரு."

காகிதத்தில், அவள் வெள்ளிக்கிழமை சோதனைக்காக ஓட்டிப் பார்த்த நான்கு வரிகள் இருந்தன. முதல் மூன்றும் கற்பனைப் பேர்கள். ஏழு எழுத்து தள்ளியதில் வாயில் நுழையாத கந்தரகோளமாக வந்திருந்தன. நான்காவது வரியும் கந்தரகோளம்தான். ஆனால் அதில் இரண்டு இடத்தில் சிவப்பு வட்டம் போட்டிருந்தது.

"எழுத்தை மட்டும் தள்ளியிருக்கே. நம்பரை யார் தள்ளுவா? கதவு நம்பர் 118/4 அப்படியே நிக்குது. கடைசியில தபால் கோடு அப்படியே நிக்குது. கமாகூட இருந்த இடத்துலயே இருக்கு. இது ஒரு அட்ரஸ்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிடுவானே."

மூத்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். எழுத்தாக இருந்தால் தள்ளு, இல்லையென்றால் வந்தபடியே விட்டுவிடு. இந்த வித்தையை எழுதுகிற எல்லாருமே கைப்பழக்கத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். "ஐயோ, எண்ணை விட்டுட்டேன் சார், இதோ மாத்தி..." என்று சொல்லிக்கொண்டே வந்தவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. டீக் கோப்பையை மேசை மேல் வைத்தாள். டீ தளும்பிக் காகிதத்தில் சிந்தியது.

காரணம், அந்த நாலாவது வரி கற்பனை இல்லை. அது அவள் தங்கச்சி ஒளிந்திருக்கிற வீட்டின் விலாசம்.

தங்கச்சியின் புருஷனை மாப்பிள்ளை என்று சொல்ல நமக்கே நாக்கு கூசும். ஆனால் அவர்கள் அம்மா அப்படித்தான் சொல்லுவாள், அந்த வீட்டில் வேறு பேர் அவனுக்கு வாய்க்கவில்லை. அடிபட்ட வண்டிகளைப் பார்த்து எழுதிக் கொடுக்கிற இன்சூரன்ஸ் வேலை அவனுக்கு. நசுங்கலைத் தடவிப் பார்த்தே எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வேகத்தில் வந்து மோதியது என்று சொல்லிவிடுவான். குடிக்க மாட்டான். குரலை உயர்த்த மாட்டான். பெண்டாட்டியின் கையைக் கதவு நிலையில் வைக்கச் சொல்லிவிட்டு, அவள் என்ன தப்பு செய்தாள் என்று நிதானமாக விளக்கிக்கொண்டே கதவைச் சாத்துவான். இளையவளுக்கு இடது கையில் இரண்டு விரல் இப்போதும் மடங்காது. ஒரு தடவை போலீசுக்குப் போனார்கள். அங்கே அவனுக்கு நாற்காலி போட்டார்கள், டீ வந்தது, அரை மணி நேரத்தில் எல்லாரும் சமாதானம். அன்றைக்கு அவன் வண்டியிலேயே அவள் வீட்டுக்குத் திரும்பிப் போனாள்.

ஏழு மாசத்துக்கு முன்னால் நாலு வயசுக் குட்டியைத் தூக்கிக்கொண்டு இளையவள் கிளம்பிவிட்டாள். எங்கே என்று மூத்தவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. அம்மா கெட்டவள் இல்லை, பயந்தவள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பழப் பையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "அவ நல்லா இருக்காளான்னு தெரிஞ்சா போதும் அத்தை" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிற ஆளிடம் எவ்வளவு நாளைக்கு வாயைக் கட்ட முடியும்? அதனால் மூத்தவள் அந்த விலாசத்தைப் போனில் வைத்ததில்லை, டைரியில் வைத்ததில்லை. மண்டைக்குள் மட்டும்தான் வைத்திருந்தாள்.

மண்டைக்குள் வைத்திருந்ததுதான் வினை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சோதனைக்கு ஒரு நீளமான வரி தேவைப்பட்டது. எழுத்து, இடைவெளி, கமா எல்லாம் கலந்து இருக்க வேண்டும். யோசிப்பதற்கு முன்னாலேயே அவள் விரல்கள் அடித்துவிட்டன. அடித்து முடித்த பிறகு அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. யாரிடமும் சொல்ல முடியாமல் ஏழு மாசமாக நெஞ்சில் கிடந்த ஒன்று, ஒரு விசையைத் தட்டியதும் உருத்தெரியாமல் மாறித் திரையில் வந்து நின்றபோது அவளுக்கு என்னவோ ஆறுதலாக இருந்தது. கண் எதிரே இருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. பைத்தியக்காரி, அதைப் பார்த்துக்கொண்டு இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கிருந்தும்மா எடுத்தே இந்த அட்ரஸை?" என்று சிவப்பு மை கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் காதில் விழவில்லை. முதல் பிரதி எங்கே? வெள்ளிக்கிழமை முதலில் அச்சடித்த பக்கத்தில் மை சரியாக விழவில்லை, அதனால் இன்னொன்று அடித்து அவர் மேசையில் வைத்தாள். வீணான பக்கத்தை வழக்கம்போலப் பையில் போட்டுக்கொண்டாள். ஆபீஸில் வீணாகும் காகிதமெல்லாம் அவள் வீட்டுக்குத்தான் போகும். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று அம்மா அதில்தான் கடைக்குச் சொல்ல வேண்டிய சாமான், பால்காரருக்குச் சொல்ல வேண்டிய சேதி எல்லாம் எழுதுவாள்.

நேற்று ஞாயிறு. அவன் வருகிற நாளில் மூத்தவள் வீட்டில் இருக்க மாட்டாள், முகத்தில் எதையாவது படித்துவிடுவானோ என்று பயம். இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வந்தபோது அம்மா சொன்னாள், "மாப்பிள்ளை என் பிரஷர் மாத்திரையெல்லாம் வாங்கித் தரேன்னு எழுதி வாங்கிட்டுப் போனார்டி." அப்போது ஊம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

மேலாளர் முன்னாலேயே போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, நேத்து மாத்திரை எழுதிக் கொடுத்தியே, எந்தக் காகிதத்துல எழுதினே?"

"எந்தக் காகிதம்னா? நீ கொண்டு வந்து போடறியே, அதுல மேல இருந்ததை எடுத்தேன்."

"முன்பக்கம் என்ன இருந்துச்சு?"

"எனக்கென்னடி தெரியும். இங்கிலீஷ்ல நாலு வரி என்னமோ இருந்துச்சு. மைகூட சரியா விழலை. ஏன், வேணுமா அது?"

"அவர் திருப்பிப் பார்த்தாரா?"

அம்மா யோசித்தாள். "பார்த்தார். நான் தண்ணி எடுத்துட்டு வர்ற வரைக்கும் அதையேதான் பார்த்துக்கிட்டிருந்தார். 'இது அக்கா ஆபீஸ் வேலையா அத்தை'ன்னு கேட்டார். ஆமாம்னேன். நாலா மடிச்சுப் பாக்கெட்டுல வச்சுக்கிட்டார். என்னடி ஆச்சு?"

"இன்னைக்குப் பேசினாரா?"

"காலைல ஏழு மணிக்கே போன் பண்ணினாரே. ஏதோ லாரி அடிபட்டுக் கிடக்காம், வெளியூர் போறேன், மாத்திரையைப் புதன்கிழமை கொண்டு வரேன்னார். குரல் ரொம்ப உற்சாகமா இருந்துச்சுடி இன்னைக்கு."

போனை வைத்துவிட்டு அவள் நின்ற நிலையைப் பார்த்து சிவப்பு மை எழுந்துவிட்டார். ஏழு மாசமாக வாய் திறக்காதவள் அவரிடம் மூன்றே வாக்கியத்தில் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் பேனாவை மூடிப் பாக்கெட்டில் செருகினார்.

"தங்கச்சிக்குப் போன் பண்ணு."

பண்ணினாள். அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. இளையவள் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள், வேலை நேரத்தில் போனை மேசை டிராயரில் பூட்டி வைத்துவிட வேண்டும். எந்தக் கடை என்று மூத்தவளுக்குத் தெரியாது. குட்டி போகிற மழலைப் பள்ளியும் தெரியாது. "உனக்கு வீடு மட்டும் தெரிஞ்சா போதும்க்கா, மத்தது வேண்டாம்" என்று இளையவள் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரியும். தினமும் ஒண்ணேகால் மணிக்குக் குட்டியைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவாள். அதற்கு முன்னால் அந்தத் தெருவில் போய் நிற்க வேண்டும். 'வீட்டுக்குப் போகாதே' என்று ஒரு செய்தி அனுப்பினாள். அது போய்ச் சேரவில்லை.

"பஸ்ஸுல போனா மூணு மணி நேரம் ஆகும். என் வண்டியில போகலாம் வா" என்றார் சிவப்பு மை.

புண்ணியவான் சொன்னாரே தவிர, வண்டி ஓட்டுவதிலும் அவர் சிவப்பு மைதான். மஞ்சள் விளக்கு எரியப் போகிறது என்று தோன்றினாலே பிரேக்கை மிதிப்பார். ஆள் இல்லாத முக்கில் இரண்டு பக்கமும் பார்த்து, மறுபடியும் ஒரு தடவை பார்த்து, அப்புறம்தான் திரும்புவார். மூத்தவளுக்கு ஸ்டியரிங்கைப் பிடுங்கி ஓட்டலாம் போல இருந்தது. அவளுக்கோ வண்டி ஓட்டத் தெரியாது. ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் தங்கச்சி நம்பரை அழுத்தினாள்.

"எழுத்தை அவரால படிக்க முடியாதுல்ல?" என்று நடுவில் அவர் கேட்டார்.

"எழுத்து எதுக்கு சார் அவனுக்கு? தபால் கோடு எந்த ஏரியான்னு சொல்லிடும். வீட்டு நம்பர் இருக்கு. நாள் பூரா ஃபாரத்துல அட்ரஸைப் பார்த்துப் பார்த்தே பொழைக்கிறவன்."

சொல்லச் சொல்ல அவளுக்கே இன்னும் பயமாகிவிட்டது. போனில் வரைபடத்தை எடுத்து அந்தத் தபால் கோட்டுக்குள் எத்தனை தெரு என்று எண்ணினாள். அறுபத்திரண்டு. கொஞ்சம் மூச்சு வந்தது. அறுபத்திரண்டு தெருவில் எங்கே என்று தேடுவான்? உடனே வேறொன்று உறைத்தது. வீட்டு எண் பத்தாகவோ இருபதாகவோ இருந்தால் எல்லாத் தெருவிலும் தேட வேண்டும். நூற்றுப் பதினெட்டு வீடு இருக்கிற நீளத் தெரு எத்தனை இருக்கும்? ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒன்பதுதான். இது அவனுக்குத் தோன்றாமல் இருக்குமா? முதல் அரை மணி நேரத்திலேயே தோன்றியிருக்கும். காலையில் ஏழு மணிக்குக் கிளம்பியவன் இந்நேரம் ஒன்பதில் எத்தனையைப் பார்த்து முடித்திருப்பான் என்று கணக்குப் போட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"தப்பு என் மேலயும்தான்மா" என்றார் சிவப்பு மை ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "காகிதத்துல கொடுன்னு உயிரை வாங்கினது நான்தானே."

"நீங்க காகிதம் கேட்டீங்க சார். அட்ரஸ் கேட்கலை" என்றாள்.

தெரு முனைக்கு வந்தபோது மணி ஒன்று ஐந்து. நீளமான தெரு. ஒரு பக்கம் ஒற்றை எண் வீடுகள், எதிர்ப்பக்கம் இரட்டை. வெயிலில் ஆள் நடமாட்டமே இல்லை, ஒரே ஒரு ஆளைத் தவிர. வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் உள்ளே செருகிக்கொண்டு, கையில் நாலாக மடித்த காகிதத்தோடு, இரட்டை எண் பக்கமாக அவன் நடந்துகொண்டிருந்தான். அவசரமே இல்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று எண்ணைப் பார்த்தான். எண் தெரியாத இடத்தில் கேட்டுக்கு அருகே குனிந்து பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனான்.

மூத்தவள் இருக்கையில் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். "அவன்தான் சார்."

சிவப்பு மை வண்டியை ஓரமாக நிறுத்தினார். "எத்தனாவது வீட்டுல நிக்கிறார்?"

"தொண்ணூத்தாறு."

இன்னும் பதினொரு வீடு. நூற்றுப் பதினெட்டு எங்கே என்று இங்கிருந்தே அவளுக்குத் தெரிந்தது. வீடு மாறின அன்றைக்கு ஒரே ஒரு தடவை வந்திருக்கிறாள். பக்கவாட்டில் மாடிப்படி, படிக்கு மேல் நாலாவது குடித்தனம். படிக் கைப்பிடியில் குட்டியின் மஞ்சள் கவுன் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இளையவள் எதிர் முனையிலிருந்து வருவாள், இன்னும் பத்து நிமிஷத்தில், நேராக அவன் கையில்.

"என்னை அவருக்குத் தெரியாது" என்றார் சிவப்பு மை. "நீ இறங்கிப் பின்னால் சந்து வழியா அந்த முனைக்கு ஓடு. நான் வழி கேட்கிறேன்."

"சார், அவன் ரொம்பப் புத்திசாலி சார்."

"நான் ரொம்ப அறுவை. ஆபீஸ்ல எல்லாரும் சொல்றது எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே? போம்மா."

அவள் இறங்கி, வீடுகளுக்குப் பின்னால் போகிற சந்தில் ஓடினாள். செருப்பு ஒன்று அறுந்தது, இரண்டையும் கழற்றி எறிந்தாள். சுடுகிற தரை. இரண்டு வீட்டுக்கு ஒரு இடைவெளி, அந்த இடைவெளியில் கொஞ்சம் தெரு தெரியும். ஒரு இடைவெளியில் பார்த்தபோது சிவப்பு மையின் கார் நடுத்தெருவில் நின்றது, ஜன்னல் பக்கம் அவன் குனிந்திருந்தான். சிரித்தபடி, ரொம்ப மரியாதையாக, அவருக்குக் கையைக் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். அப்புறம் தன் கையிலிருந்த காகிதத்தைப் பிரித்து அவரிடமே நீட்டி ஏதோ கேட்டான். அவள் நிற்காமல் ஓடினாள்.

சந்து முடிகிற இடத்தில் ஒரு சைக்கிள் பழுது பார்க்கும் கடை. அதன் ஓரமாக, மருந்துக் கடை நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல், தோளில் பெரிய பையோடு இளையவள் வந்துகொண்டிருந்தாள். குட்டி அவள் விரலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து வந்தது. இன்னும் பத்து எட்டு வைத்தால் தெரு.

மூத்தவள் அவள் தோளைப் பிடித்துச் சந்துக்குள் இழுத்தாள். "பேசாதே. திரும்பு. நட."

இளையவள் அக்காவின் வெறுங்காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போய், குட்டியை இழுத்துக்கொண்டு சந்துக்குள் நடந்தாள்.

"பெரியம்மா! எங்க வீடு அந்தப் பக்கம்" என்றது குட்டி சத்தமாக.

"தெரியும்டா கண்ணு. மெதுவா பேசு."

அப்போதுதான் இரண்டு வீட்டு இடைவெளியில் அவன் தெரிந்தான். காரை விட்டுவிட்டு வந்துவிட்டான். மாடிப்படிக்குக் கீழே நின்று, அந்த மஞ்சள் கவுனைக் கையில் எடுத்து, விளிம்பைப் பிடித்து அளவு பார்த்துக்கொண்டிருந்தான். குட்டியும் பார்த்துவிட்டது. ஐயோ, அப்பா என்று கத்தப் போகிறது என்று மூத்தவளுக்கு உயிரே போய்விட்டது. குட்டி கத்தவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்காமல், தன் இரண்டு கையாலும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டது. பொத்திய கைக்கு மேல் கண் மட்டும் உருண்டு உருண்டு அம்மாவைப் பார்த்தது.

இளையவள் அதைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஓடினால் சத்தம் கேட்கும் என்று மூன்று பேரும் நடந்தே போனார்கள். அந்தச் சந்தைத் தாண்டுவதற்குள் மூத்தவளுக்கு வயசு பத்து கூடிவிட்டது.

பஸ் நிலையத்தில் கூட்டம் இருந்தது. கூட்டம் இருப்பது நல்லதாகப் பட்டது. கழிப்பறைச் சுவர் ஓரமாக ஒரு மறைவில் நின்றார்கள்.

"வீட்டுல ஏதாவது எடுக்கணுமா? சார் வண்டியில யாரையாவது அனுப்பி..."

"ஒண்ணும் வேண்டாம். சர்டிஃபிகேட்டெல்லாம் இந்தப் பையிலதான் இருக்கு. ஏழு மாசமா இதைத் தலைக்கு வச்சுத்தான் தூங்கறேன்." இளையவள் மூச்சை இழுத்து விட்டாள். "எப்படிக்கா கண்டுபிடிச்சான்? அம்மாவுக்குத்தான் தெரியாதே."

பொய் சொல்லியிருக்கலாம். தபால்காரன், தெரிந்தவன், வண்டி எண் என்று நூறு காரணம் சொல்லியிருக்கலாம். தங்கச்சியின் மடங்காத விரல் இரண்டும் பை வாரைப் பிடிக்க முடியாமல் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அவளுக்குப் பொய் வரவில்லை. "நான்தான்டி" என்று ஆரம்பித்து, சோதனை வரி, வீணான காகிதம், அம்மாவின் மாத்திரை என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

இளையவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"எழுத்தை எல்லாம் மாத்தினே" என்றாள் இளையவள் மெதுவாக. "நம்பரை மாத்தலை."

"மறந்துட்டேன்."

"சரி."

"வா, வேற ஊர்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு..."

"இல்லக்கா." இளையவள் போனின் பின்மூடியைத் திறந்து சிம்மை எடுத்து உடைத்தாள். "இந்தத் தடவை உனக்கும் சொல்ல மாட்டேன்."

மூத்தவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே எங்கயும் எழுத மாட்டேன்டி. சத்தியமா. எங்கயும்."

"நீ சொல்ல மாட்டே, அது எனக்குத் தெரியும். கழுத்தை அறுத்தாலும் சொல்ல மாட்டே. ஆனா எழுதிடுவே. மனசுல இருக்கிறதை உன் கை சும்மா வச்சுக்காது. நீ வேணும்னு பண்ணலை. வேணும்னு பண்ணாததுக்குத்தான்க்கா எனக்குப் பயம்."

மூத்தவள் அழுதாள். பையில் இருந்ததையெல்லாம் எடுத்து தங்கச்சி பையில் திணித்தாள், தண்ணீர் பாட்டில், சார்ஜர், பர்ஸ், மதியத்துக்குக் கொண்டு வந்த சாப்பாட்டு டப்பா. காதில் இருந்ததையும் கழற்றிக் கொடுத்தாள்.

"அம்மா கேட்டா என்னடி சொல்றது?"

"உயிரோட இருக்கோம்னு சொல்லு." இளையவள் அக்காவின் கன்னத்தை ஒரு தடவை துடைத்துவிட்டாள். "திரும்பி நில்லுக்கா. நாங்க எந்த பஸ்ல ஏறினோம்னு நீ பார்க்க வேண்டாம்."

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். சுவரில் ஊர் ஊராக, மணி மணியாக, எந்த பஸ் எப்போது என்று வரிசையாக எழுதியிருந்தது. அவள் கண் தானாகப் படிக்க ஆரம்பித்தது. சட்டென்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"பெரியம்மா ஏன்மா சுவரைப் பார்த்து நிக்கிறாங்க?" என்று குட்டியின் குரல் கேட்டது. இளையவள் சொன்ன பதில் காதில் விழவில்லை. ஒரு சின்னக் கை அவள் இடுப்பைத் தொட்டுவிட்டுப் போனது.

ஒரு பஸ் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அதற்கு அப்புறம் ஒரே சமயத்தில் இரண்டு. எதில் போனார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லாம் போன பிறகும் அவள் கண்ணைத் திறக்காமல் அங்கேயே நின்றாள்.